பயிற்சி ஒருவனுக்கு, பதவி ஒருவனுக்கா?

தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவரிடம் சர்க்கார் லைசென்ஸ் கேட்கின்றது. “என் பாட்டனார் பஸ் ஓட்டினார், ஆகையால் எனக்குப் பரீட்சை வேண்டியதில்லை” என்று அவர் சொல்வாரானால், ஏறியிருக்கும் ஜனங்கள் அத்தனை பேரும் இறங்கி ஓடிவிடுவார்கள். ஆகவே, வேலைக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்குவதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் அதே பஸ்ஸில் போய், எல்லா ஜாதியாரோடும் ஒரே அருவியில் குளித்துவிட்டுக் குற்றாலநாதர் கோவில் பக்கம் திரும்பினால், கருவறை விஷயத்தில் இந்நியாயம் தலைகீழாகிவிடுகின்றது.

குற்றாலம் தேவாரம் பெற்ற ஊர். அத்தேவாரத்தை வருஷக்கணக்காய்ப் பயின்று பாடுகின்ற ஓதுவார், சைவக் கோவில்களில் கருவறைக்கு வெளியேதான் நிற்கின்றார். அவர் பயிற்சி வாசற்படி வரைக்குந்தான் செல்லும்போலும்!

அர்ச்சகருக்குத் தகுதிச் சான்று வேண்டுமென்று 1964-ம் வருஷத்து விதியே சொல்லிற்று. 1970-ல் நிறைவேறிய சட்டம் அர்ச்சகர் பதவியின் வாரிசு உரிமையை ஒழித்தது. 1972-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லுமென்றது. ஆனால் நியமனம் ஆகமத்தை மீறலாகாதென்று ஒரு முளையையும் அடித்து வைத்தது. 2006-ல் சர்க்கார் எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாமென்று உத்தரவிட்டு, திருச்செந்தூர், மதுரை, பழனி முதலிய ஊர்களில் பயிற்சிப் பள்ளிகளும் வைத்தது. இருநூறுக்கு மேற்பட்ட வாலிபர்கள் மந்திரமும் ஆகமமும் படித்துத் தேறினார்கள்.

பலன் என்ன? வழக்கு! 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதிலும் ஆகமம் பிழைத்துக் கொண்டது. 2018-ல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்டில் 24 பேருக்குக் கிடைத்தது. சான்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பத்து வருஷத்திற்கு மேல் காத்திருந்தவர்கள் இவர்கள். 2023 மார்ச்சில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை, குமாரவயலூர் முருகன் கோவிலில் நியமனமான இருவரின் உத்தியோகத்தை அதே ஆகமத்தின் பேரால் ரத்து செய்தது. படித்தவனிடம் “நீ என்ன படித்தாய்?” என்று கேட்கவில்லை, “நீ எங்கே பிறந்தாய்?” என்றுதான் கேட்கிறார்கள்.

பயிற்சிப் பள்ளியால் மாத்திரம் பேதம் ஒழியாதென்பது நம் திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் ஒரே பாடம் படித்த பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்களே, அதை எதிர்த்துத்தானே 1925 வாக்கில் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளம்பினார்கள்!

நிற்க. “சாமியே இல்லையென்கிற உங்களுக்குப் பூசாரி உத்தியோகத்தில் என்ன அக்கறை?” என்று சில பக்தர்கள் கேட்கிறார்கள். கல்லுக்குப் பால் ஊற்ற எந்தப் பயிற்சியும் தேவையில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் கோவில் பொதுச் சொத்து. ஒருவன் தொட்டால் அது தீட்டாகுமென்பது நம் எல்லோர் நெற்றியிலும் ஒட்டப்படும் இழிவு. அந்த இழிவைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

பயிற்சி கட்டாயமென்றால் எல்லோருக்கும் கட்டாயமாகட்டும். இன்று கருவறையில் இருப்பவர் ஒவ்வொருவருக்கும், திருச்செந்தூர்ப் பள்ளியில் தேறியவருக்கும், ஒரே பரீட்சையை வைத்து, மார்க்கை அந்தந்தக் கோவில் வாசலில் ஒட்டட்டும். தென்காசி விசுவநாதர் கோவிலில் முதலில் ஒட்டுவதானால், வாசித்துப் பார்க்க நாமும் வருகின்றோம்.