பொய் சொல்லும் வேகமானிகளும் பொறுப்பு மறந்த பரிசோதனைகளும்

அண்மைய ஆண்டுகளில் இந்நாட்டின் வீதி விபத்துகள் ஆண்டொன்றுக்கு 2,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவு கொண்டு வருகின்றன. 2025 மே மாதம் கொத்மலை, கரண்டிஎல பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் அதிகமானோர் பலியாகினர். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் மற்றுமொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேரின் உயிரைப் பறித்தது. இவ்வாறான ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னரும் சாரதியின் கவனக்குறைவு, நித்திரைக் கலக்கம், தடுப்புக் கருவியின் கோளாறு, தேய்ந்த டயர் என்றெல்லாம் பேசப்படுகின்றது. ஆனால், சாரதியின் கண்ணெதிரே இருந்துகொண்டு அவருக்கு நாளாந்தம் பிழையான தகவலைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கருவியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அதுதான் வேகமானி.

மேற்கூறிய விபத்துகளுக்கு வேகமானிதான் காரணம் என்று நாம் கூற வரவில்லை. பழைய வாகனங்களின் தகுதி பற்றிய விவாதத்தில் இக்கருவிக்கு ஒரு மூலையேனும் ஒதுக்கப்படவில்லை என்பதே எமது ஆதங்கமாகும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே ஆகும். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வாகனங்கள் பலவும் தொடர்ந்து வீதியில் ஓடின. உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றபோது, பஞ்சிகாவத்தையில் கிடைத்த பழைய பாகத்தைப் பொருத்தி வாகனத்தை ஓட வைப்பதே பெரும் காரியமாக இருந்தது. வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் ஒஸ்ரின், மொரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்த எமது கைவினைஞர்களின் திறமை போற்றுதற்குரியது. எனினும், நெருக்கடி காலத்தில் கைகொடுத்த "ஓடினால் போதும்" என்ற மனப்பாங்கு, நெருக்கடி நீங்கிய பின்னரும் எம்மை விட்டகலவில்லை என்பது கவலைக்குரியதாகும்.

வேகமானி ஏன் பிழைக்கின்றது? பழைய வாகனங்களில் கியர்ப்பெட்டியிலிருந்து வரும் ஒரு கேபிள், மீற்றருக்குள் இருக்கும் சிறு காந்தத்தைச் சுழற்றுகின்றது. காந்தத்தின் சுழற்சி அதனைச் சூழ்ந்துள்ள அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மெல்லிய சுருள்வில் ஒன்று அந்த இழுவையை எதிர்த்து நிற்கின்றது. இவ்விரண்டும் சமநிலை அடையும் இடத்திலேயே முள் நிற்கின்றது. கேபிள் உலர்ந்து போனால் முள் துள்ளும். கேபிள் அறுந்தால் முள் அசையாது. சுருள்வில் தளர்ந்தால் முள் உண்மைக்கு மேலாகக் காட்டும். காந்தம் வலுவிழந்தால் உண்மைக்குக் குறைவாகக் காட்டும். வேறொரு வகை வாகனத்தின் கியர்ப்பெட்டியைப் பொருத்தினாலோ, தயாரிப்பாளர் குறித்த அளவிலும் பெரிய டயரைப் பூட்டினாலோ கணக்கு முற்றாக மாறிவிடும். டயரின் விட்டம் 5 வீதம் கூடினால், முள் 60இல் நிற்கும்போது வாகனம் 63 கிலோமீற்றர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். இலத்திரனியல் மீற்றர் பொருத்திய பிற்கால வாகனங்களும் டயரினால் ஏற்படும் இப்பிழையிலிருந்து தப்புவதில்லை.

அசையாத முள்ளைக் காட்டிலும் பொய் சொல்லும் முள்ளே ஆபத்தானது என்பது எமது கருத்து. முள் அசையாவிட்டால் சாரதிக்கு அது பழுதென்று தெரியும். அவர் தம் அனுபவத்தைக் கொண்டு அவதானமாகச் செலுத்துவார். ஆனால் 60இல் ஓடும் வாகனத்தில் 50 என்று காட்டும் முள்ளை அவர் நம்பிவிடுகின்றார். வேகத்தின் வர்க்கத்துக்கேற்பவே மோதலின் சக்தி அதிகரிக்கின்றது. ஆதலால் 50க்கும் 60க்கும் இடையிலான அந்தச் சிறு வித்தியாசம் மோதலின் சக்தியை 44 வீதத்தால் கூட்டிவிடுகின்றது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ அக்கரைப்பற்றுக்கோ இரவிரவாக ஓடும் பஸ்ஸில், பல மணிநேர ஓட்டத்தின் பின்னர் வேகம் பற்றிய மனித உணர்வு மழுங்கிப் போகின்றது. அந்நேரத்தில் சாரதிக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த முள்தான். சாட்சியே பொய்யானால் எஞ்சுவது என்ன?

இதனால்தான் உலகின் விதிகள் இவ்விடயத்தில் ஒரு பக்கச் சார்பாக எழுதப்பட்டுள்ளன. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டலாகாது. கூடுதலாகக் காட்டுவதாயின், உண்மை வேகத்தின் 10 வீதத்துடன் 4 கிலோமீற்றரைச் சேர்த்த அளவு வரை அனுமதிக்கப்படும். எம்மிடமுள்ள வாகனங்களிற் பெருந்தொகையானவை வந்த ஜப்பானில், காலத்துக்குக் காலம் நடைபெறும் கட்டாயப் பரிசோதனையில் வேகமானியும் சோதிக்கப்படுகின்றது. 2007 முதல் தயாரிக்கப்பட்ட வாகனங்களில், முள் 40ஐக் காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 31க்கும் 42.5க்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும். அங்கே இச்சோதனைக்கு உட்பட்ட வாகனம் எமது துறைமுகத்தில் இறங்கிய பின்னர், அதன் வேகமானியை மீண்டும் யார் சோதிக்கின்றார்கள்?

வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு 2008 முதல் புகைப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. அது நல்லதொரு நடவடிக்கையே. ஆனால் அது வாகனம் வெளியேற்றும் புகையை மட்டுமே அளக்கின்றது. பஸ்களுக்கும் லொறிகளுக்கும் தகுதிச் சான்றிதழ் வழங்கும்போதாவது, வேகமானியை உருளைகளின் மீதோ அளந்து குறிக்கப்பட்ட வீதியிலோ சோதித்துப் பெறுமதியைப் பதிவு செய்வதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் கட்டாயமாக்க வேண்டும். மாகாணங்களுக்கு இடையிலான பஸ்களைப் பொறுத்தவரை தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கும் இதில் பொறுப்புண்டு. வேக எல்லையை மீறுவோரைப் பிடிப்பதற்குப் பொலிஸாருக்குக் கருவிகள் வழங்கும் அரசு, எல்லைக்குள் நிற்க விரும்பும் சாரதிக்குத் தன் வேகத்தை அறியும் வழியையும் உறுதிப்படுத்தித் தர வேண்டாமா?

இது ஏழை உரிமையாளர்களின் தலையில் மற்றுமொரு சுமை என்ற வாதம் எழக்கூடும். அவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. எனினும் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் கேபிளை மாற்றுவதும் மசகிடுவதும் இயந்திரத் திருத்தத்துடன் ஒப்பிடுகையில் மிகச் சிறிய செலவேயாகும். முதலாவது சோதனையில் தவறும் வாகனத்துக்குத் தண்டம் விதிக்காமல் திருத்துவதற்கு அவகாசம் வழங்கலாம்.

அரசு விழிக்கும்வரை சாரதிகள் காத்திருக்க வேண்டியதில்லை. கிலோமீற்றர் கற்கள் நடப்பட்ட நேரான வீதியில், முள்ளை 60இல் சீராக வைத்துக்கொண்டு, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் செல்லும் நேரத்தை அருகிலிருப்பவர் கணிக்கட்டும். சரியாக 60 செக்கன்கள் எடுத்தால் வேகமானி சரியானது. 54 செக்கன்களே எடுத்தால் உண்மை வேகம் ஏறத்தாழ 67 ஆகும். 66 செக்கன்கள் எடுத்தால் முள் கூடுதலாகக் காட்டுகின்றது என்று பொருள். செய்மதி மூலம் வேகத்தைக் காட்டும் கைத்தொலைபேசிச் செயலியும் இதற்கு உதவும். அதனையும் சாரதியல்ல, உடன் செல்பவரே பார்க்க வேண்டும். பிழையின் அளவை அறிந்த பின்னர் அதனை ஒரு தாளில் எழுதி முகப்பில் ஒட்டி வைப்பது, திருத்தும்வரைக்குமான தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

இறுதியாக, பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. முச்சக்கரவண்டியின் கட்டண மீற்றர் சில ரூபாய்கள் கூட்டிக் காட்டினால் நாம் இறங்கி நின்று வாதாடுகின்றோம். ஆனால், பிள்ளைகளை நாளாந்தம் ஏற்றிச் செல்லும் பாடசாலை வேனின் வேகமானி முள் மாதக்கணக்கில் பூச்சியத்தில் உறங்குவதைக் கண்டும் காணாதவர் போல் இருந்துவிடுகின்றோம். பணத்தை அளக்கும் மீற்றரிடம் எதிர்பார்க்கும் நேர்மையை, உயிரைக் காக்கும் மீற்றரிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் உரிமை பயணிகளுக்கு உண்டு; உறுதிப்படுத்தும் கடமை அதிகாரிகளுக்கு உண்டு. அடுத்த அனர்த்தத்தின் பின்னர் மற்றுமொரு விசாரணைக் குழுவை நியமிப்பதற்கு முன்னர் அக்கடமை நிறைவேற்றப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.