நற்செய்தி நூல்களும் தமிழாசிரியர் கடனும்

தமிழ் இலக்கியம் சமயங்களின் மடியில் வளர்ந்தது என்பதை நம் மாணவர் அறிவர். சீவகசிந்தாமணியைச் சமணத்தோடும், மணிமேகலையைப் பௌத்தத்தோடும், பெரியபுராணத்தைச் சைவத்தோடும், சீறாப்புராணத்தை இசுலாத்தோடும் சேர்த்துப் பயில்கின்றனர். கிறித்தவம் என்றதும் 1726இல் வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியின் பெயரையும், 3,615 பாடல்கள் என்னும் எண்ணையும் மனப்பாடம் செய்து நின்றுவிடுகின்றனர். அக்காப்பியத்தின் ஊற்றுகளுள் ஒன்றான நற்செய்தி நூல்களைத் தொடுவாரில்லை. "அவை கோவிலுக்குரியவை, வகுப்புக்குரியவை அல்ல" என்று கூறும் ஆசிரியர் நம்மிடையே உளர். இக்கூற்றை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நூல்களைப் பயிலாமையால் விளையும் இழப்பு யாது? பிரிக்பீல்ட்சில் கந்தசாமி கோவிலும் பௌத்த மகா விகாரையும் செபமாலை அன்னை ஆலயமும் சீயோன் லுத்தரன் ஆலயமும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. அங்கும் கிள்ளானிலும் திசம்பர்த் திங்களில் கிறிஸ்து பிறப்புக் குடில்களைக் காணலாம். குழந்தையின் ஒருபுறம் இடையர்கள். மறுபுறம் ஒட்டகத்தோடு மூன்று அரசர்கள். இக்காட்சி எந்த நற்செய்தி நூலிலும் இல்லை! இடையர்கள் லூக்காவுக்கு உரியவர்கள். கீழ்த்திசை ஞானிகள் மத்தேயுவுக்கு உரியவர்கள். மத்தேயுவோ அவர்களை மூவர் என்றும் கூறவில்லை. அரசர் என்றும் கூறவில்லை. மாற்குவிடம் பிறப்புக் கதையே கிடையாது. யோவானோ உலகம் தோன்றுமுன் இருந்த வாக்கிலிருந்து தம் நூலைத் தொடங்குகிறார்.

குடில் வழிபாட்டுக்கு உரியது. அதனை நான் குறை கூறவில்லை. ஆனால் நூலையும் குடிலைப் போலவே ஒன்றாகக் குழைத்துப் படிப்பது தகுமா? மத்தேயுவின் கதையில் கொடிய மன்னன் ஏரோது குழந்தைகளைக் கொல்கிறான். திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் சென்று மீள்கிறது. பார்வோன் கையினின்று தப்பிய மோசேயின் கதையை அறிந்தோர்க்கு, புதிய மோசே ஒருவர் வந்துவிட்டார் என்பது சொல்லாமலே விளங்கும். லூக்காவிடம் அரண்மனைக்கு இடமில்லை. வயல்வெளியில் இரவெல்லாம் கிடை காக்கும் எளியோர்க்கே முதற்செய்தி வருகிறது. ஆசிரியரின் இறையியல் தனி அறிவுரையாக அன்றி, யாரை முதலில் மேடையேற்றுகிறார் என்னும் கதையமைப்பிலேயே நிற்கிறது. இரண்டையும் கலந்தால் இரண்டுமே மங்கிவிடும்.

பண்டைத் திருச்சபையும் இச்சிக்கலைச் சந்தித்தது. கி.பி. 170 அளவில் தாத்தியான் என்பார் நான்கு நூல்களையும் ஒன்றாகப் பின்னித் தியாத்தெசரோன் என்னும் நூலை ஆக்கினார். சிரிய நாட்டுத் திருச்சபைகளில் அது நெடுங்காலம் வழங்கியது. 5ஆம் நூற்றாண்டில் ஆயர் தெயதோரேத்து அதன் இருநூறுக்கு மேற்பட்ட படிகளை அகற்றி, நான்கு தனி நூல்களையே மீண்டும் வைத்தார். முரண்பாடு தெரிந்தாலும் நான்கு குரல்களும் வேண்டும் என்பதே திருச்சபையின் முடிவாயிற்று.

இவ்வாறு படிக்கும் கலை தமிழாசிரியர்க்குப் புதியதா? வான்மீகியின் இராவணன் சீதையைக் கைகளாற் பற்றிச் செல்கிறான். கம்பனின் இராவணனோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். மிதிலையில் மணத்துக்கு முன் நிகழும் சந்திப்பு வான்மீகியில் இல்லை, கம்பனில் உண்டு. "ஏன் மாற்றினான்?" என்று வினவி விடை காண்பதே நம் வகுப்பின் உயிர். கம்பனிடம் கேட்கும் அவ்வினாவை மத்தேயுவிடம் கேட்கத் தயங்குவது ஏன்?

"கதையாகப் படித்தால் வேதத்தைக் கட்டுக்கதை என்றதாகாதா?" என அஞ்சுவாரும் உளர். பெரியபுராணத்தைக் காப்பியமாகப் பயின்றதால் எந்தச் சைவரின் பத்தி குறைந்தது? துண்டு துண்டாக வசனம் பொறுக்குவதன்றோ நூலுக்குத் தீங்கு! வசன எண்கள் 1551இல் இடப்பட்டவை. மூல ஆசிரியர்கள் அவற்றை அறியார். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் படிகள் இரண்டும் 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. அவற்றில் அந்நூல், வெறுங்கல்லறையைக் கண்ட பெண்கள் அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாது ஓடினர் என்பதோடு முடிகிறது. பின்வந்தோர் வேறு முடிவுகளைச் சேர்த்தனர். அவர்கள் சொல்லாததை இனிச் சொல்ல வேண்டியவர் யார்? படிப்பவரே என்று அம்முடிவு உணர்த்துவதாக நான் கொள்கிறேன். வசனம் பொறுக்குவோர்க்கு இந்நயம் எட்டாது.

"பல சமயத்தார் பயிலும் பள்ளியில் இது மதப்பரப்புரை ஆகிவிடும்" என்பது மற்றொரு தடை. நம்பு என்பது பரப்புரை; யார், யாருக்கு, ஏன் இவ்வாறு சொன்னார் என்பது இலக்கியக் கல்வி. இவ்வேறுபாட்டைக் காக்கத் தெரியாதவர் சீறாப்புராணத்தையும் திருவாசகத்தையும் எங்ஙனம் கற்பிப்பார்?

1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாடு தமிழ் உரைநடை வரலாற்றின் ஒரு மைல்கல். அவர் சர்வேசுரன் என்றார். பின்வந்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். அடுத்துத் தேவன் வந்தது. 1995இன் திருவிவிலியத்தில் கடவுள் நின்றது. ஒரு சொல்லைத் தேடி இருநூற்றெண்பது ஆண்டுகள் உழைத்த தமிழ் இது. இதனைப் பிறர் சொத்து என ஒதுக்கினால், நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கும் கிறித்தவ மாணவனிடம், "உன் வீட்டு நூல் தமிழன்று" என்று சொல்லாமற் சொல்கிறோம். அத்தீங்கை இனியும் செய்யற்க. ஆசிரியப் பெருமக்களே, வரும் தவணையில் மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் லூக்காவின் முதல் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் செய்யுங்கள். வேறுபாடுகளை மாணவரே கண்டு சொல்வர்.