சனி என்று பெயர் வைத்த கார்

கார் எண் பட்டையின் கூட்டுத்தொகை எட்டு வந்துவிட்டால், அது சனியின் எண் என்று சொல்லி வேறு எண்ணுக்கு அலைகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமோ, பல நூறு கோடி டாலரைக் கொட்டித் தொடங்கிய ஒரு புதிய கார் நிறுவனத்துக்கே சனியின் பெயரை வைத்தது. சாட்டர்ன் என்றால் சனிக்கோள்தானே! நிலவுக்கு மனிதனை அனுப்பிய சாட்டர்ன் ராக்கெட்டை மனத்தில் வைத்துச் சூட்டிய பெயர் அது. விண்வெளியில் ரஷ்யரை முந்தியதுபோல், சாலையில் ஜப்பானியரை முந்த வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

மலேசியச் சாலைகளில் நான் ஒரு சாட்டர்ன் காரையும் கண்டதில்லை. உற்பத்தி மேலாண்மைப் பாடத்தில் குழுப் பணிக்காகத்தான் இந்தப் பெயர் எங்களிடம் வந்து சேர்ந்தது. "வாடிக்கையாளரின் பாசத்தை வைத்துத் தொழில் நடத்த முடியாது என்பதற்கு இதுவே சான்று" என்று எங்கள் குழுவில் பெரும்பாலோர் முடிவு கட்டினார்கள். அறிக்கையும் அப்படியே எழுதப்பட்டது. எனக்கு அந்த முடிவு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அறிக்கையில் இடம் கிடைக்காத என் மறுப்பை இந்த ஆண்டிதழில் எழுதுகிறேன்.

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கர்கள் டொயோட்டா, ஹோண்டா போன்ற சிறிய கார்களின் பக்கம் சாயத் தொடங்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸால் அந்த அளவில், அந்தத் தரத்தில் ஒரு கார் செய்து இலாபம் காண முடியவில்லை. பழைய தொழிற்சாலையில் பழைய பகைமையோடு புதிய காரைச் செய்ய முடியாது என்பதை உணர்ந்து, நிர்வாகத்தையும் வாகனத் தொழிலாளர் சங்கத்தையும் சேர்ந்த 99 பேரை ஒரே குழுவாக அமர்த்தினார்கள். அவர்கள் பல தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குங்கள் என்றார்கள். 1985 ஜனவரியில் சாட்டர்ன் தனி நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. டென்னசி மாநிலத்தில் ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூரில் தொழிற்சாலை எழுந்தது. (அதே 1985-இல்தான் ஷா ஆலாமில் நம் புரோட்டோன் சாகாவும் பிறந்தது. ஒரே வயதுக்காரர்கள்!)

தொழிலாளர் ஒப்பந்தம்தான் இதில் வியப்புக்குரியது. மற்ற ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைகளின் ஒப்பந்தம் தடித்த புத்தகமாக இருந்தது. சாட்டர்ன் ஒப்பந்தமோ சில பக்கங்களே. அடிப்படைச் சம்பளம் மற்ற இடங்களைவிடச் சற்றுக் குறைவு. பயிற்சி, தரம், உற்பத்தி ஆகியவற்றில் இலக்கை எட்டினால் மீதிப் பணம் வரும். பதிலுக்கு, பெரும்பாலான தொழிலாளர்களுக்கு ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதி கிடைத்தது. குழுக்களாகப் பிரிந்து, தங்கள் வேலையைத் தாங்களே திட்டமிட்டார்கள். நிர்வாகி ஒருவர் அமரும் இடத்தில் சங்கத்தின் ஆள் ஒருவரும் உடன் அமர்ந்து முடிவெடுத்தார். 1990 ஜூலை 30-ஆம் நாள் முதல் கார் வெளிவந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ரோஜர் ஸ்மித்தும் தொழிற்சங்கத் தலைவர் ஓவன் பீபரும் ஒரே காரில் ஒன்றாக அமர்ந்து வந்தார்கள். மறுநாளே ஸ்மித் ஓய்வு பெற்றார். இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றவர் போன பிறகு பிள்ளையின் பாடு எப்படி இருந்தது என்பதுதான் மீதிக் கதை.

அந்தக் காரை வாங்கியவர்களின் அனுபவத்துக்கு வருவோம். நம் ஊரில் கார் வாங்கப் போனால் என்ன நடக்கும்? ஆயிரம் வெள்ளி குறை, வண்ணக் கண்ணாடியை இலவசமாகப் போடு, கால்மிதி கொடு என்று அரைநாள் பேச வேண்டும். வாய் உள்ளவன் குறைத்து வாங்குவான். வாயில்லாத அத்தை முழு விலையைக் கொடுத்துவிட்டு வருவார். அமெரிக்காவிலும் அதே நிலைதான். சாட்டர்ன் கடையிலோ ஒட்டியிருக்கும் விலைதான் விலை, எல்லாருக்கும் ஒன்றே. பேரம் பேசத் தெரியாததால் இதுவரை ஏமாந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை! சாவியைக் கொடுக்கும்போது கடைப் பணியாளர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து, காரைச் சுற்றி நின்று கைதட்டி, படம் எடுத்து அனுப்பினார்கள். சிலருக்கு இது கூத்தாகத் தோன்றலாம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கோயிலை விட்டுப் புறப்படுகிற நமக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

காரும் மோசமில்லை. கதவும் முன்பக்கப் பக்கத் தகடுகளும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. பேரங்காடியில் தள்ளுவண்டி வந்து இடித்தாலும் உள்வாங்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும், துருவும் பிடிக்காது. எரிபொருளைச் சிக்கனமாகக் குடித்தது. குறையும் இருந்தது. இயந்திரம் இரைச்சல் போடும். பிளாஸ்டிக் வெயிலில் விரிவதற்காகத் தகடுகளுக்கிடையே அகலமான இடைவெளி விட்டிருந்தார்கள்; பார்க்க அழகாக இல்லை. ஓட ஓட இயந்திர எண்ணெயைக் குடிக்கத் தொடங்கும் என்பது உரிமையாளர்கள் பலரின் பொதுவான குறை. அவ்வப்போது அளவுகோலை இழுத்துப் பார்த்து ஊற்றிக்கொண்டே ஓட்டினார்கள். திட்டிக்கொண்டே ஊற்றினார்கள் என்றும் சொல்லலாம். ஆனால் ஓட்டினார்கள், அடுத்ததையும் வாங்கினார்கள். 1994-இல் ஏறக்குறைய 286,000 கார்கள் விற்றன. அவ்வாண்டு ஜூன் மாதம் தொழிற்சாலைக்கு வாருங்கள் என்று அழைத்தபோது, சுமார் 44,000 பேர் நாட்டின் பல மூலைகளிலிருந்து ஸ்பிரிங் ஹில்லுக்கு வந்து சேர்ந்தார்கள். கார் செய்தவர்களும் கார் வாங்கியவர்களும் ஒரே இடத்தில் உண்டு பேசிக் களித்தார்கள். தாய்வீட்டுக்கு வருவதுபோல என்று விளம்பரத் துறையினர் வருணித்தார்கள்.

விளம்பரம் செய்த மாயம் என்று இதை ஒதுக்குகிறார்கள். விளம்பரம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1991-இல் நடந்ததைப் பாருங்கள். வெளியிலிருந்து வந்த ரேடியேட்டர் கூலண்ட் தவறான கலவையாக இருந்ததால், 1,836 கார்களின் இயந்திரங்கள் அரிக்கப்படும் நிலை ஏற்பட்டது. தவறு கூலண்ட் கொடுத்தவருடையது. பட்டறையில் நிறுத்தி ரேடியேட்டரைக் கழுவிக் கொடுத்திருக்கலாம். சாட்டர்ன் அப்படிச் செய்யாமல், முழுக் காரையே திரும்பப் பெற்றுப் புதிய கார் கொடுத்தது. அந்த 44,000 பேர் இப்படிப்பட்ட செயல்களை நம்பி வந்தவர்கள். பாசம் என்று நாம் பொதுவாகச் சொல்வதை உடைத்துப் பார்த்தால், உள்ளே ஒரே விலை, ஆட்குறைப்பு இல்லை என்ற கையெழுத்து, மாற்றிக் கொடுத்த 1,836 கார்கள் என்று எண்ணிக் காட்டக்கூடிய பொருள்களே இருக்கின்றன.

பிறகு அந்தப் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மணமாகாத காலத்தில் சிறிய சாட்டர்ன் வாங்கியவர்களுக்கு மணமாகிப் பிள்ளைகள் பிறந்தார்கள். பெரிய கார் கேட்டுக் கடைக்கு வந்தார்கள். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை! ஜெனரல் மோட்டார்ஸின் மற்றப் பிரிவுகள் ஏற்கெனவே, எங்களுக்கு வர வேண்டிய பணத்தை இந்தக் கடைக்குட்டி தின்கிறதே என்று பொருமிக்கொண்டிருந்தன. சிறிய காரில் இலாபமும் குறைவு. போட்ட முதல் திரும்பவே இல்லை என்பது உண்மை. ஆகவே, மேலிடம் பணத்தை இறுக்கியது. 1990-இல் வந்த அதே சிறிய கார், மேற்சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு 2002 வரை விற்றது. நடுத்தரக் கார் 1999-இல்தான் வந்தது. அதுவும் ஐரோப்பாவில் ஓப்பெல் செய்ததைத் தழுவி, ஸ்பிரிங் ஹில்லில் அல்லாமல் டெலவேர் மாநிலத்தில் செய்யப்பட்டது. அதற்குள் அந்தக் குடும்பங்கள் ஹோண்டாவின் கதவைத் தட்டிவிட்டன. யாரைத் தடுக்க நிறுவனம் பிறந்ததோ அவர்களிடமே வாடிக்கையாளரை அனுப்பி வைத்தார்கள். இதற்கிடையில் 1997-இல் ஜப்பானிலேயே போய்க் கடை திறந்து, சில ஆண்டுகளில் திரும்பி வந்த கதையும் உண்டு. வீட்டில் சோறில்லாதபோது ஊருக்கு விருந்து.

தொழிலாளர் ஒப்பந்தமும் 2004-இல் மறைந்து, பொது ஒப்பந்தம் வந்தது. நியாயமாகச் சொல்வதென்றால், அதைக் கைவிட வாக்களித்தவர்கள் தொழிலாளர்களே. விற்பனை சரிந்து இலக்கு எட்டாதபோது, இலக்கோடு கட்டிய சம்பளம் யாருக்கு இனிக்கும்? பங்காளி என்று அழைக்கப்பட்டவர் நட்டத்தில் மட்டும் பங்காளியாக இருக்க விரும்பவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்களைப் போன்ற இறுதியாண்டு மாணவர்களுக்கு இது தொலைவான அமெரிக்கக் கதையன்று. சென்ற விடுமுறையில் தொழிற்பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். முதல் நாள் விளக்கக் கூட்டத்தில் "இங்கு நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார்கள். மூன்றாம் நாள்தான் கவனித்தேன்: ஒப்பந்த ஊழியர்களுக்கு வேறு நிறச் சட்டை, ஆண்டிறுதி விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்ற அக்கா ஒருவர் ஆறு ஆண்டுகளாக அந்த நிறச் சட்டையில்தான் இருக்கிறார். குடும்பம் என்ற சொல்லை வெறுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அந்தச் சொல்லைச் சொல்கிறவரிடம் கையெழுத்தைக் காட்டுங்கள் என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும் என்கிறேன். சாட்டர்ன் தொடக்கத்தில் அதைக் காட்டியது. காட்டிய வரையில் மக்களும் வந்தார்கள். ஆகவே, எங்கள் குழு அறிக்கை சொன்னதைப் போல் பாசம் தோற்றது என்று எப்படி ஒப்புக்கொள்வது? முதலை நிறுத்திவிட்டு வட்டியை மட்டும் எதிர்பார்த்தால் எந்தக் கணக்குத்தான் தோற்காது?

2009 ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. பென்ஸ்கி என்ற வாகன விற்பனைக் குழுமம் சாட்டர்னை வாங்கிக்கொள்ள முன்வந்தது. ஏறக்குறைய 350 விற்பனை நிலையங்கள் பிழைத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கார் செய்து கொடுக்க வேறு நிறுவனம் கிடைக்காததால், செப்டம்பர் 30-ஆம் நாள் பென்ஸ்கி பின்வாங்கியது. அன்றே மூடுவிழா அறிவிப்பும் வந்தது. சனி தசை பத்தொன்பது ஆண்டுகள் என்று என் பாட்டி சொல்வார். முதல் கார் வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்தொன்பது ஆண்டுகளும் இரண்டு மாதங்களும்! நான் சோதிடம் நம்புவதில்லை. ஆனாலும் பாட்டியிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2010-க்குள் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. ஸ்பிரிங் ஹில் தொழிற்சாலை பின்னர் வேறு பெயர்களில் வண்டிகள் செய்தது. பழைய சாட்டர்னை விடாமல் வைத்திருப்பவர்கள் உடைந்த கதவுக்காகப் பழைய கார் உடைக்கும் இடங்களில் தேடுகிறார்கள்.

இன்னும் ஒன்று உண்டு. சிறிய காருக்கு மாற்றாக 2002-இல் வந்த காரின் பெயர் ஐயான். அதைச் சோதனை செய்த காலத்திலேயே, 2001-இல், சாவி சுவிட்சில் குறை இருப்பதைப் பொறியாளர்கள் பதிவு செய்தார்கள். சரிசெய்தாகிவிட்டது என்று அறிக்கையில் எழுதினார்கள். 2003-இல் ஓடிக்கொண்டிருந்த ஐயான் ஒன்று நடுவழியில் அணைந்துபோனதைப் பட்டறைத் தொழிலாளர் ஒருவர் கண்டார். சாவிக்கொத்தில் பல சாவிகள் தொங்கியதால் சுவிட்ச் தேய்ந்திருந்தது. சுவிட்சை மாற்றினார்கள், கோப்பை மூடினார்கள். சுவிட்ச் தானாக நழுவினால் இயந்திரம் அணையும், ஸ்டீரிங் இறுகும், மோதினால் காற்றுப்பை விரியாது. இதே சுவிட்ச் வேறு பல கார்களிலும் இருந்தது. 2014 பிப்ரவரியில்தான் அவற்றைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 26 இலட்சம் கார்கள். எல்லா வகைக் கார்களையும் சேர்த்து 124 பேரின் மரணத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. கூலண்டுக்காக 1,836 கார்களை மாற்றிக் கொடுத்த அதே பெயர்தான் ஐயானின் முகப்பிலும் இருந்தது. ஐயான் வைத்திருந்தவர்களுக்கு அறிவிப்பு வந்தபோது, அவர்களுக்குக் கைதட்டிச் சாவி கொடுத்த கடை மூடி மூன்று ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வேறு பெயர்ப்பலகை தொங்கும் கடையைத் தேடிப் போய், வரிசையில் நின்று சுவிட்சை மாற்றிக்கொண்டார்கள்.