சர்க்கரைக்குப் பதில் சீனித்துளசி... டப்பாவை மாற்றும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்!

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரைநோய் என்று தெரிந்ததும், 'இனி டீக்கு ஸ்டீவியா போட்டுக்கலாம்' என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் இப்போது அதிகம். பொடி, மாத்திரை, சொட்டு என்று பல வடிவங்களில் கிடைக்கிறது. 'இயற்கையானது', 'கலோரி இல்லை' என்று பாக்கெட்டின் முன்பக்கம் சொல்கிறது. நல்ல மாற்றுதான். ஆனால், அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெயரில் மட்டும்தான் துளசி!

தமிழில் சீனித்துளசி என்று அழைத்தாலும், ஸ்டீவியாவுக்கும் துளசிக்கும் உறவில்லை. இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. சொந்த ஊர் தென் அமெரிக்காவின் பராகுவே பகுதி. அங்குள்ள குவாரனி பழங்குடி மக்கள், கசப்பான 'மாத்தே' பானத்தில் இந்த இலையைப் போட்டுக் குடித்து வந்தார்கள். 1970-களில் ஜப்பான் இதை வணிகரீதியாகப் பயன்படுத்தத் தொடங்கியது. இந்தியாவில் 2015-ல் அனுமதி கிடைத்தது.

இலையில் உள்ள 'ஸ்டீவியால் கிளைகோசைடு' என்ற பொருள்தான் இனிப்புக்குக் காரணம். சுத்திகரித்த நிலையில் இது சர்க்கரையைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். ரத்தச் சர்க்கரையை ஏற்றாது.

பாக்கெட்டைத் திருப்புங்கள்!

ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். அதே இனிப்புக்கு, சுத்தமான ஸ்டீவியா 20 மில்லிகிராம் இருந்தாலே போதும். அது ஒரு சிட்டிகைகூட வராது. ஸ்பூனால் அள்ளிப்போடும் பொடி என்றால், அதில் பெரும்பகுதி வேறு ஏதோ ஒன்று என்று அர்த்தம்.

அது என்ன என்பது பின்பக்கம் இருக்கும். மூலப்பொருள்களை அளவில் அதிகமானதில் தொடங்கித்தான் அச்சிடுவார்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று முதலில் இருந்தால் கவனம்; இவை இரண்டுமே ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. எரித்ரிட்டால் ஏற்றாது. ஆனால், ரத்தத்தில் இதன் அளவு அதிகமாக இருந்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் அதிகம் காணப்பட்டதாக 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. எரித்ரிட்டால்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. என்றாலும், இதயநோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

அடுப்பில் எடுபடுமா?

டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், பாயசம் போன்றவற்றுக்குப் பிரச்னை இல்லை. சூட்டையும் தாங்கும். கொஞ்சம் கூடிப்போனால் நாக்கில் லேசான கசப்பு தங்கும். ஆனால், ஸ்டீவியாவில் பாகு வராது. எனவே, அதிரசம், கடலைமிட்டாய், மைசூர்பாகு எல்லாம் நடக்காது. ஜாமில் போட்டால் இனிக்கும். ஆனால், கெடாமல் காக்கும் வேலையைச் சர்க்கரைபோல அது செய்யாது.

'அப்போ நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி போட்டுக்கலாமா?' என்பது அடுத்த கேள்வி. சர்க்கரைநோய் உள்ளவர்களுக்கு இது மாற்றே அல்ல. நிறமும் மணமும் வேறு என்றாலும், இவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தச் சர்க்கரையை ஏற்றும்.

எடை குறையுமா?

எடையைக் கட்டுப்படுத்த இதுபோன்ற மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏற்கெனவே சர்க்கரைநோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. மற்றவர்கள், இரண்டு ஸ்பூன் இனிப்பை ஒன்றரையாக்கி, பிறகு ஒன்றாக்கிப் பழகுவதே நல்ல வழி. நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

சர்க்கரையை மொத்தமாக வெளியேற்றாதீர்கள்!

இதுதான் மிக முக்கியம். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும், சாப்பாடு தள்ளிப்போனால் ரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையலாம். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் போன்றவை இதன் அறிகுறிகள். 70 மி.கி-க்குக் கீழே போனால் உடனடியாக இனிப்பு கொடுக்க வேண்டும்.

அந்த நேரத்தில் ஸ்டீவியா போட்ட டீயோ ஜூஸோ கொடுத்தால் எந்தப் பயனும் இல்லை. நாக்குக்கு இனிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறாது. 3 முதல் 4 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். குளுக்கோஸ் பவுடர் இருந்தால் இன்னும் நல்லது. 15 நிமிடங்கள் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

இரண்டுமே வெள்ளைப் பொடி. பதற்றத்தில் பேரனோ பேத்தியோ எந்த டப்பாவை எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. எனவே, 'சர்க்கரை', 'ஸ்டீவியா' என்று பெரிய எழுத்தில் எழுதி, இன்றே இரண்டு டப்பாக்களிலும் ஒட்டிவிடுங்கள். எதை எப்போது கொடுக்க வேண்டும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.