சேற்றில் ஒரு சைக்கிள் பந்தயம்!

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதும் பந்தயமா? ஆம்! 'சைக்ளோகிராஸ்' என்று பெயர். 1950-ல் பாரீசில் இதன் முதல் உலகப் போட்டி நடந்தது. சேறு, மணல், மேடு எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஐரோப்பாவில் மழையும் குளிருமான மாதங்களில் இது நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நங்கநல்லூரில் சேற்றுக்குப் பஞ்சமா?

நம் பையன் வெளியூர்ப் பந்தயத்துக்குப் போனால் சைக்கிளை ரயிலில் பார்சல் போட வேண்டும். இரண்டு நாள் தங்கல், சாப்பாடு வேறு. காலில் வலு இருந்தும் கையில் காசு இல்லாதவன் வீட்டோடு நின்றுவிடுகிறான்.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் இலவச சைக்கிளே தொடங்கப் போதும். ஒரு பொட்டல், நாலு தடைப்பலகை இருந்தால் சரி. ஞாயிறு காலையில் உள்ளூர்ப் பள்ளிகளே பந்தயம் நடத்தட்டும்! பிறகு வெளியூருக்கு அனுப்பலாம்.