தமிழில் நாலு வரி எழுதித் தர முடியாதா?



போன கிழமை சந்தியில் ஒருவர் சொன்னார்: "டீச்சர், அந்த வயித்தில போடுற ஊசி ஆளைக் கொல்லும். உங்கட சாச்சிக்கும் அதுதானே நடந்தது."

இல்லை. சாச்சி உயிரோடு இருக்கிறா. இரத்தம் போனதற்கு ஊசி மட்டும் காரணமும் இல்லை.

அவவுக்குக் காலில் இரத்தக்கட்டி. எனொக்ஸாபரின் ஊசிகளைத் தந்து, வீட்டில் போடச் சொல்லி அனுப்பினார்கள். சாச்சி முழங்கால் நோவுக்கு டைக்ளோபெனாக் குளிசையும் விழுங்கிக்கொண்டிருந்தா. யாரும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. கீரை சாப்பிட்டதாக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டா. இரண்டு மருந்தும் சேர்ந்தால் இரத்தம் கசியலாம் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதித்தான் இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்.

பயந்து ஊசியை நிறுத்துவது இன்னும் மோசம். காலில் உள்ள கட்டி நுரையீரலுக்குப் போனால் சில நிமிடங்களிலேயே ஆள் முடிந்துவிடவும் கூடும். ஊசி போட்ட இடம் கண்டி நீலமாவது சாதாரணம். அதைத் தேய்க்கத்தான் கூடாது. கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், நிற்காத மூக்கு இரத்தம், திடீரென்று கடும் தலையிடி, விழுந்து தலையில் அடிபடுவது: இவற்றுக்குத்தான் உடனே ஓட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கிவிடும், அளவைக் குறைக்க வேண்டும். இதைத் தமிழில் அடித்துக் கொடுக்க என்ன செலவு? 1987 இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. பெயர்ப்பலகைக்கு மட்டும்தானா அது?

"அது படிச்ச ஆக்களின் வேலை, சனத்துக்கு ஏன்?" என்கிறார்கள். 2007 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் நடிகர் டெனிஸ் குவெய்டின் இரட்டைக் குழந்தைகளுக்கு 10 யூனிற் ஹெபரினுக்குப் பதிலாக 10,000 யூனிற் மருந்து போனது. அவர்கள் தப்பினார்கள். அதற்கு முந்தைய வருடம் இண்டியானாபொலிஸில் அதே தவறில் மூன்று சிசுக்கள் இறந்தன. ஆங்கிலம் தெரிந்த தாதிமார்தான், ஒன்றுபோல இருந்த குப்பிகளில் ஏமாந்தார்கள். எங்கள் ஆச்சிமார் எந்த மூலைக்கு?

எங்கட ஆக்களுக்கும் ஒன்று. "பன்றிக் குடலில இருந்து எடுக்கிறதாமே, போடலாமா?" என்று கேட்கிறீர்கள். நிர்ப்பந்தத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டு. அதைக் கேட்கிற வாயால் "இரத்தம் போனால் என்ன செய்யிறது?" என்றும் வைத்தியரைக் கேளுங்கோ. ஹிஜாமா செய்வதையும் மறைக்காதேங்கோ.

கிளினிக் போகும்போது வீட்டிலுள்ள குளிசைப் பையை முழுதாகக் கொண்டுபோங்கோ. தமிழ்த் தாள் கேளுங்கோ. இல்லையென்றால் எழுதித் தர நான் தயார். ஒரு வைத்தியர் பார்த்துத் திருத்தித் தந்தால் போதும்.