முளை விட்ட பிறகு வர்த்தமானி எதற்கு?

மரபணு மாற்றிய உயிர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய உயிர்ப் பாதுகாப்புச் சட்டமூலம் இன்னும் வரைவாகவே கிடக்கிறது. 2004 இல் அதற்கான சர்வதேச உடன்படிக்கையான கார்த்தகேனா நெறிமுறையில் இணைந்தோம். 2005 இல் தேசியக் கொள்கை வந்தது. இருபது வருடம் போய்விட்டது. சட்டத்துக்கு அவசரமில்லை என்பதுதான் மேலிடத்தின் முடிவென்றால், அவசரம் எப்போது வருமென்பதையும் அவர்களே சொல்லிவிடட்டும்.

விஞ்ஞானமோ நமக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் கிரேக் வென்டர் குழு, ஆய்வுகூடத்தில் கோத்த மரபணுத் தொகுதியால் இயங்கும் நுண்ணுயிரை 2010 இலேயே உருவாக்கிவிட்டது. 2016 இல் அதை 473 மரபணுக்களாகச் சுருக்கினார்கள். அவற்றில் 149 என்ன வேலை பார்க்கின்றன என்பது கட்டியவர்களுக்கே அன்று தெரியவில்லை. அது தூரத்துக் கதையென்றால், இந்தியா பக்கத்தில்தானே இருக்கிறது? வேற்று மரபணு புகுத்தாத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு அங்கே 2022 இல் கடும் விதிகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். 2025 மே மாதம் அவ்வகை நெல் இரண்டை அறிவித்தும் விட்டார்கள்.

இந்த விஞ்ஞானத்துக்கு நாம் எதிரியல்ல. சீனி வருத்தக்காரர் குத்திக்கொள்ளும் இன்சுலினே மரபணு மாற்றிய நுண்ணுயிர் தருவதுதான். நமது ஆத்திரம் வேறு. விதை யார் வயலில் விழப்போகிறதோ, அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளைப் பேசுகிறோம், மாடு அகற்றும் நாளைப் பேசுகிறோம். விதைநெல்லின் பிறப்பை யாராவது பேசியதுண்டா? அட்டாளைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் விதைநெல் கைமாறிக் கைமாறித்தான் போகிறது. மச்சான் வயலில் நன்றாக விளைந்தால் அடுத்த போகம் இரண்டு மூடை நமக்கு. அதற்குச் சிட்டையுமில்லை, முத்திரையுமில்லை. தொண்ணூறுகளில் அம்பாறை மாவட்டத்தில் தலைகாட்டிய களைநெல்லை நினைத்துப் பாருங்கள். விதைநெல்லில் கலந்தும் வெட்டு மெசினில் ஒட்டியும் நாடெல்லாம் பரவியது. கதிர் முற்றுமுன் மணி உதிர்ந்து அடுத்த போகமும் முளைக்கும் அதை இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. களைநெல்லும் நெல்லின் இனந்தான். பயிருக்குக் கொடுத்த புதுக் குணம் மகரந்தத்தோடு அதற்கும் போய்ச் சேர்ந்தால் யார் பொறுப்பு? சட்டமில்லாத நாட்டில் இந்தக் கேள்விக்கு முகவரியே இல்லை.

மேலிடத்தை நம்பச் சொல்கிறார்கள். எதை வைத்து நம்புவது? 2001 இல் மரபணு மாற்றிய உணவுக்குத் தடையென்று அறிவித்து, வெளிநாடு முறைத்ததும் அந்த வருடமே கிடப்பில் போட்டார்கள். 2006 இல் போட்ட ஒழுங்குவிதி கடையில் விற்கும் உணவுக்கு, வயலுக்கு அல்ல. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே வீச்சில் நிறுத்தி, பயிரை மஞ்சளாய் நிற்க வைத்தார்கள். சீனத்திலிருந்து வந்த சேதனப் பசளை மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாக நமது தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சொன்னார்கள். கப்பல் சரக்கை இறக்காமலே திரும்பியது. அதை அனுப்பிய கம்பனிக்கு அறுபது இலட்சம் டொலருக்கு மேல் கட்டியும் தீர்த்தார்கள். அவ்வளவு ஏன், 2013 இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தைப் போய்ப் பாருங்கள். வாயை மணல் அடைக்கிறது, வடக்கே கரையைக் கடல் தின்கிறது. கல்லும் மணலும் என்ன செய்யுமென்று கணக்குப் போடத் தெரியாதவர்கள், தானே பெருகும் உயிருக்குக் கணக்குப் போடுவார்களாம்!

சட்டம் வரட்டும். வரும்போது வயற்காரனுக்கும் அதில் ஓரிடம் இருக்கட்டும். விதைநெல்லை ஊறப்போட்டுச் சாக்கில் கட்டி வைத்தால் மூன்றாம் நாள் முளை தலைநீட்டும். அதைத் திரும்ப உமிக்குள் தள்ள எந்த வர்த்தமானியாலும் முடியாது.